டொமைன்ல ஜாயின் பண்ணாம சாம்பா சர்வருக்கு டொமைன் பாஸ்வேர்ட்: வழி இருக்குங்களா?

பம்ப்_டிசைன்:
வணக்கங்க. கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில டிசைன் டிபார்ட்மென்ட்ல இருக்கேன், அட்மின் எல்லாம் இல்லீங்க, லினக்ஸ் கொஞ்சம் தெரியும்னு வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டவன். ட்ராயிங் ஃபைல் பூராவும் ஒரு டெபியன் 12 மெஷின்ல சாம்பா (விண்டோஸ் பிசிங்களுக்கு ஃபைல் பகிர்ற லினக்ஸ் சாஃப்ட்வேர்) ஷேர்ல கிடக்கு, 6 டெராபைட் இருக்கும், 34 பேர் யூஸ் பண்றாங்க. போன வருஷம் வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு எங்களை வாங்கிட்டாங்க, அதுக்கப்புறம் எல்லா விண்டோஸ் பிசியையும் அவங்க ஆக்டிவ் டைரக்டரி (ஏடி, யூசர், பாஸ்வேர்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுக்கற மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) டொமைன்ல சேத்துட்டாங்க, ஆனா இந்த ஃபைல் சர்வரை மட்டும் சேக்க மாட்டேங்கறாங்க. கேட்டா "லினக்ஸை ஜாயின் பண்றது எங்க பாலிசியில இல்ல"ன்னு ஒரே வரி மெயில்.

இப்ப என்ன ஆகுதுன்னா டொமைன் பாஸ்வேர்ட் 90 நாளைக்கு ஒருக்கா மாறுது, சாம்பால நான் எஸ்எம்பிபாஸ்வேர்டு கமாண்ட்ல போட்ட பழைய பாஸ்வேர்ட் அப்படியே நிக்குது, மாத்தின அன்னிக்கு காலைல என் டேபிள்ல க்யூ. ஒருத்தரு பாஸ்வேர்டை துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

சரின்னு படிக்க மட்டும் பர்மிஷன் இருக்கற ஒரு அக்கவுண்ட் கேட்டு வாங்கி, எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸ் லாகினை டொமைன் கிட்ட கேட்டுச் சொல்ற சர்வீஸ்) போட்டு எல்டேப் பைண்ட் (பேரையும் பாஸ்வேர்டையும் டைரக்டரி கிட்ட காட்டி சரிபாக்கறது) செட் பண்ணேன். எஸ்எஸ்எச்ல (ரிமோட் லாகின்) டொமைன் பாஸ்வேர்ட் அடிச்சா அருமையா உள்ள விடுது! அதே பாஸ்வேர்டை ஷேர்ல அடிச்சா தப்புங்குது. ரெண்டு நாளா மண்டை காயுது. பழைய பக்கம் ஒண்ணுல "செக்யூரிட்டி = சர்வர்"னு போட்டா டொமைன் கன்ட்ரோலர் (டிசி, டொமைன் பாஸ்வேர்டை சரிபாக்கற சர்வர்) கிட்டயே கேட்டுக்கும்னு இருந்துச்சு, போட்டா டெஸ்ட்பார்ம் (சாம்பா கான்ஃபிக்கை செக் பண்ற கமாண்ட்) ஏத்துக்கவே மாட்டேங்குது. ஜாயின் பண்ணாம ஏதாச்சும் வழி இருக்குங்களா?

ஓசி_டெக்:
ப்ரோ சிம்பிள். என்க்ரிப்ட் பாஸ்வேர்ட்ஸ் = நோ, ஒபே பாம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் = யெஸ். பாம் (லினக்ஸ்ல லாகினை சரிபாக்கற அடுக்கு) வழியா எஸ்எஸ்எஸ்டிக்குப் போயிடும். ரீஸ்டார்ட் பண்ணிட்டு சொல்லுங்க 👍

இரவுப்பணி_அக்கா:
ஓசி, தயவுசெஞ்சு 2002-ல இருந்து வெளிய வாப்பா. எஸ்எம்பி2 (விண்டோஸ் ஷேர் பேசற மொழியோட ரெண்டாவது வெர்ஷன்) வந்ததுல இருந்து பாஸ்வேர்டை வெறுமனே அனுப்பற பேச்சே கிடையாது, அதுவும் விண்டோஸ் 11 காரன்கிட்ட. ஒபே பாம் போட்டாலும் அக்கவுண்ட் லாக் ஆகியிருக்கா, செஷன் திறக்கலாமா, அதை மட்டும்தான் பாம் கிட்ட கேக்கும். பாஸ்வேர்ட் சரியான்னு கேக்கறதுக்கு அந்தப் பக்கமே போகாது.

பழைய_அட்மின்:
தம்பி பம்ப், உங்க எஸ்எஸ்எச் ஏன் வேலை செய்யுது ஷேர் ஏன் செய்யலன்னு புரிஞ்சிட்டா பாதி பிரச்சினை முடிஞ்சுது, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

எஸ்எஸ்எச்ல யூசர் அடிக்கிற பாஸ்வேர்ட் டனலுக்குள்ள அப்படியே முழுசா உங்க சர்வர் கைக்கு வந்துடுது. சர்வர் அதை எடுத்துட்டுப் போய் "இந்தாப்பா இவன் பேர் இது, பாஸ்வேர்ட் இது, பைண்ட் ஆகுதா பாரு"ன்னு டிசி கிட்ட காட்டுது. ஷேர்ல அந்தக் கதை நடக்காது. என்டிஎல்எம்ல (விண்டோஸோட பழைய லாகின் முறை) சர்வர் எட்டு பைட்டுக்கு ஒரு சேலஞ்ச் குடுக்கும், க்ளையன்ட் தன்கிட்ட இருக்கற பாஸ்வேர்ட் ஹாஷை (பாஸ்வேர்ட்ல இருந்து கணக்குப் போட்ட, திருப்ப முடியாத எண்) வெச்சு அதுக்கு ஒரு பதிலைக் கணக்குப் போட்டு அனுப்பும். பாஸ்வேர்டே கம்பியில வராது. அந்தப் பதில் சரியா தப்பான்னு சொல்லணும்னா அதே ஹாஷ் சொல்றவன் கையில இருக்கணும். அது ரெண்டே இடத்துல இருக்கு, டிசி கிட்ட, இல்லாட்டி நீங்க எஸ்எம்பிபாஸ்வேர்டுல போட்டு வெச்ச லோக்கல் டேட்டாபேஸ்ல. எல்டேப்ல எவ்வளவு தேடினாலும் ஏடி அந்த ஹாஷை யாருக்கும் படிக்கக் குடுக்காது, குடுத்தா அன்னிக்கே கடையைச் சாத்த வேண்டியதுதான்.

அப்ப சாம்பா என்ன பண்ணணும்? சேலஞ்சையும் பதிலையும் சேர்த்து டிசி கிட்ட அனுப்பி "இது சரியா"ன்னு கேக்கணும். கேக்கலாம், ஆனா நெட்லாகான்ங்கற பாதுகாப்பான சேனல் வழியாத்தான் கேக்கணும், அந்த சேனலைத் திறக்க ஒரு மெஷின் அக்கவுண்டும் அதோட ரகசியமும் வேணும். ரோட்ல போறவன் ஒரு செக்கை நீட்டி "இந்தக் கையெழுத்து உங்க கஸ்டமரோடதா"ன்னு கேட்டா பேங்க் மேனேஜர் சொல்லுவாரா? இன்னொரு ப்ராஞ்ச்ல இருந்து கேட்டா சொல்லுவார். ஜாயின்ங்கறது அந்த ப்ராஞ்ச் கோடு வாங்கற வேலை, அவ்வளவுதான்.

செக்யூரிட்டி = சர்வர் பத்தி கேட்டீங்க. நான் அதை ஓட்டியிருக்கேன், விண்டோஸ் என்டி4 காலத்துல. ரொம்ப குறும்பான ஏற்பாடு அது. க்ளையன்ட் வந்து நிக்கும்போது சாம்பா தானே ஒரு க்ளையன்ட் மாதிரி டிசி கிட்ட போய் நிக்கும், டிசி தர்ற சேலஞ்சை வாங்கிட்டு வந்து நம்ம க்ளையன்ட்டுக்குக் குடுக்கும், அவன் சொன்ன பதிலை திரும்ப டிசி கிட்ட ஒப்பிக்கும். டிசி லாகின் குடுத்தா சரி இல்லாட்டி தப்பு. நேர்மையா பாத்தா நடுவுல நின்னு ஏமாத்தற தாக்குதலும் இதேதான், நாம நல்ல எண்ணத்துல பண்ணோம், வித்தியாசம் அவ்வளவுதான். ஒவ்வொரு யூசருக்கும் டிசிக்கு ஒரு கனெக்‌ஷன் திறந்தே இருக்கணும், அது அறுந்தா அந்த க்ளையன்ட் வெளிய போய் திரும்ப வர்ற வரைக்கும் அம்போ. என்டிஎல்எம்வி2-வுக்கு இது ஆகவே ஆகாது. 2012 டிசம்பர்ல சாம்பா 4.0 வந்தப்ப தூக்கிட்டாங்க, நல்ல வேளை. நீங்க பாத்த பக்கம் அதுக்கு முந்தினது.

பம்ப்_டிசைன்:
அண்ணா, செக் உதாரணம் நெத்தியடி. இத்தனை நாளா எஸ்எஸ்எஸ்டி கான்ஃபிக்ல தப்புன்னு நெனச்சு அதையே நோண்டிட்டு இருந்தேன். அப்ப ஜாயின் இல்லாம முடியவே முடியாதுங்களா?

ஓசி_டெக்:
என்னை மன்னிச்சிடுங்க 🙏 ஆனா இன்னொரு ஐடியா. ஒரு சின்ன வெப் பேஜ் போடுங்க, யூசர் அதுல டொமைன் பாஸ்வேர்ட் அடிக்கட்டும், பின்னாடி எல்டேப் பைண்ட் பண்ணிப் பாருங்க, ஓகே ஆனா அதே பாஸ்வேர்டை எடுத்து எஸ்எம்பிபாஸ்வேர்டுல ஏத்திடுங்க. மாத்தும்போதெல்லாம் அவங்களே அப்டேட் பண்ணிக்குவாங்க, உங்க டேபிளுக்கு க்யூ வராது.

இரவுப்பணி_அக்கா:
இது வேலை செய்யும்ங்கறதுதான் பயமா இருக்கு. ஹெட் ஆபீஸ் செக்யூரிட்டி டீம் கண்ணுல இந்தப் பக்கம் பட்டா ஃபிஷிங்னு சொல்லி பம்ப் தம்பியைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. "பாஸ்வேர்டை எங்கயும் அடிக்காதீங்க"ன்னு நாள் பூரா கத்திட்டு நாமளே ஒரு கட்டத்தைப் போட்டு அடிக்கச் சொல்றதா? அது போக, டொமைன்ல ஆளை டிசேபிள் பண்ணினாலும் உங்க லோக்கல் அக்கவுண்ட் உயிரோட இருக்கும். வேலையை விட்டுப் போனவன் ட்ராயிங்கை எடுத்துட்டுப் போவான்.

வடமராட்சி_நெட்:
தம்பி, முடியவே முடியாது எண்டில்லை. கெர்பரோஸ் வழியொண்டு இருக்கு, நான் ரெண்டு மூண்டு வருசம் உப்பிடித்தான் ஓட்டினனான். அதிலை உங்கட சேர்வர் டிசியோட கதைக்கவே தேவையில்லை. க்ளையன்ட் டிசியிட்டைப் போய் உங்கட ஷேருக்கு எண்டு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும், சேர்வர் தன்னட்டை இருக்கிற சாவியாலை அதைத் திறந்து பார்க்கும், திறந்தால் சரி. அந்தச் சாவிதான் கீடேப் ஃபைல்.

அவையிட்டை நீங்கள் கேக்க வேண்டியது ஒரு சாதாரண சேர்விஸ் அக்கவுண்ட். அதிலை சிஐஎஃப்எஸ் எண்டு தொடங்கி உங்கட சேர்வரின்ர முழு டிஎன்எஸ் பேரோட ஒரு எஸ்பிஎன் (டிக்கெட் கேக்கிறதுக்கான சேர்விஸின்ர பேர்) போடச் சொல்லுங்கோ, ஏஇஎஸ் 256 என்க்ரிப்ஷன் டிக் பண்ணச் சொல்லுங்கோ, பிறகு கேடிபாஸ் கமாண்டாலை கீடேப் எடுத்துத் தரட்டும். இஞ்சாலை சாம்பாவிலை செக்யூரிட்டி யூசர் எண்டே இருக்கட்டும், ரெல்ம் (கெர்பரோஸிலை டொமைனைச் சொல்லுற பேர்) போட்டு, கெர்பரோஸ் மெத்தட் = டெடிகேட்டட் கீடேப் எண்டு போட்டு ஃபைல் இருக்கிற இடத்தைக் காட்டுங்கோ. டொமைன்ல உள்ள அதே பேரிலை லினக்ஸ்லயும் யூசர் இருக்க வேணும். கீடேப்பை ரூட் (லினக்ஸிலை முழு அதிகாரம் உள்ள யூசர்) தவிர ஒருத்தரும் வாசிக்கக் கூடாது, அது பாஸ்வேர்ட் மாதிரித்தான்.

கவனிக்க வேண்டினது: ஐபி அடிச்சு ஷேரைத் திறந்தால் டிக்கெட் வராது, என்டிஎல்எம்முக்கு விழுந்திடும், பேர்தான் அடிக்க வேணும். மணிக்கூடு அஞ்சு நிமிசத்துக்கு மேலை விலகினால் எல்லாம் சரி. (சரியெண்டால் எங்கட ஊரிலை முடிஞ்சுது எண்டும் அர்த்தம் 😄) அந்த அக்கவுண்டின்ர பாஸ்வேர்டை ஆரும் மாத்தினால் கீடேப் செத்துப்போம், திரும்ப எடுக்க வேணும்.

பழைய_அட்மின்:
வடமராட்சி சார், அருமையா சொன்னீங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்களே, 2021 நவம்பர்ல வந்த சாம்பா செக்யூரிட்டி பேட்ச்.

வடமராட்சி_நெட்:
அதைத்தான் எழுத வந்தனான், கரண்ட் போட்டுது. ஓம், அதுக்குப் பிறகு எனக்கும் உடைஞ்சது. ஒரு நாள் காலமை அப்டேட் போட்டன், ஒருத்தருக்கும் ஷேர் திறக்கேல்லை. லாக்கிலை பார்த்தால் ஸ்டாண்ட்அலோன் மோடிலை எதிர்பாராத பிஏசி எண்டு கிடக்குது. பிஏசி எண்டது ஏடி டிக்கெட்டுக்குள்ளை வைக்கிற யூசரின்ர எஸ்ஐடி (டொமைன் குடுக்கிற அடையாள எண்), குரூப் விபரமெல்லாம். புது சாம்பா என்ன சொல்லுதெண்டால், நீ தனியாள் எண்டு சொல்லுறாய், பிறகு ஏன் ஏடி டிக்கெட்டோட வாறாய், நான் ஏற்கமாட்டன். டொமைன்லயும் இல்லாத, ஏடி டிக்கெட்டும் வாங்கிற எங்களைப் போல ஆக்களுக்குத்தான் அடி.

சுத்து வழி ஒண்டு இருக்கு. அந்த சேர்விஸ் அக்கவுண்டின்ர யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்லை 33554432 எண்ட கொடியையும் (ஃப்ளாக்) கூட்டி விட்டால் டிசி பிஏசி இல்லாமல் டிக்கெட் தரும். என்எஃப்எஸ் (லினக்ஸ் பக்கத்து ஃபைல் ஷேரிங்) காரர் பாவிக்கிற விளையாட்டு அது. நான் அப்பிடிச் செய்துதான் பிறகும் கொஞ்சக் காலம் ஓட்டினனான், ஆனால் மனசுக்குப் பிடிக்கேல்லை.

இரவுப்பணி_அக்கா:
பிடிக்காம போனது நியாயம்தான் அண்ணா. அந்த பேட்ச் ஏன் வந்துச்சுன்னு தம்பிக்குத் தெரியணும். சிவிஇ-2020-25717 (பாதுகாப்பு ஓட்டைக்குக் குடுக்கற நம்பர்), டொமைன்ல ஒரு சாதாரண யூசர் சாம்பா சர்வர்ல ரூட்டாவே ஆக முடிஞ்ச ஓட்டை. ஏடில டிஃபால்ட்டா எந்த யூசரும் பத்து கம்ப்யூட்டர் அக்கவுண்ட் வரைக்கும் உருவாக்கலாம், அப்படி ஒண்ணை உருவாக்கி பேரை ரூட்னு மாத்திட்டு வந்தா, டொமைன்ல இருக்கற ரூட்டுக்கும் நம்ம லினக்ஸ் ரூட்டுக்கும் வித்தியாசம் தெரியாம பழைய சாம்பா முழிச்சுது. பேரை மட்டும் நம்பினதால வந்த வினை. பிஏசில எஸ்ஐடி இருக்கும், அது மாறாது. இப்ப கொடியைப் போட்டு பிஏசியைக் கழட்டினா மறுபடி பேரை மட்டும் நம்பற இடத்துக்கே வந்து நிக்கறோம். குரூப்பும் வராது, குரூப் வெச்சு ஃபோல்டர் பர்மிஷன் குடுக்க முடியாது.

ட்ராயிங்_தாத்தா:
நெக்ஸ்ட்க்ளவுட் (ப்ரவுசர்ல ஃபைல் பகிர்ற சாஃப்ட்வேர்) போட்டுடுங்க. ப்ரவுசர்ல பாஸ்வேர்ட் டிஎல்எஸ் (என்க்ரிப்ட் ஆன கனெக்‌ஷன்) உள்ள முழுசா வரும், எல்டேப் பைண்ட் போதும், ஜாயினும் வேணாம் கீடேப்பும் வேணாம்.

பம்ப்_டிசைன்:
தாத்தா, யோசிச்சேனுங்க. ஆனா அசெம்ப்ளி ஒண்ணைத் திறந்தா உள்ள 400 பார்ட் ஃபைல் ரெஃபரன்ஸ் ஆகுது, லாக்கிங் சரியா இல்லாட்டி ரெண்டு பேர் ஒரே இம்பெல்லரைத் திருத்தி வெச்சுடுவாங்க. ட்ரைவ் லெட்டர்ல ஷேர்தான் வேணும்.

கெர்பரோஸ் வழி டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமான்னு இருக்கு. டொமைன்ல இல்லாத மூணு வெண்டர் லேப்டாப்பும் இருக்குங்க, அவங்களுக்கு என்ன பண்றது?

வடமராட்சி_நெட்:
அந்த மூண்டுக்கும் லோக்கல் யூசர் போட்டு எஸ்எம்பிபாஸ்வேர்டிலையே வையுங்கோ, டிக்கெட் கொண்டு வாறவன் டிக்கெட்டாலை, மற்றவன் என்டிஎல்எம்மாலை, ரெண்டும் ஒண்டா ஓடும். ஆனால் அக்கா என்ன சொல்லப் போறா எண்டு பார்த்திட்டுத் தொடங்குங்கோ.

இரவுப்பணி_அக்கா:
என்ன சொல்லப் போறேன்னா, தம்பி நீ தப்பான கேள்வியை சரியா கேட்டுட்டு இருக்க. கீடேப் வழிக்கு ஹெட் ஆபீஸ்ல என்ன கேக்கணும்? ஒரு அக்கவுண்ட், ஒரு எஸ்பிஎன், ஒரு ரகசியம், அதை ஃபைலா வெளிய எடுத்துக் குடுக்கணும், பத்தாததுக்கு ஒரு விசித்திரமான கொடி. ஜாயினுக்கு என்ன கேக்கணும்? ஒரு கம்ப்யூட்டர் அக்கவுண்ட், எஸ்பிஎன், ரகசியம். அதே சாமான்தான்! முதல் வழியில ரகசியம் வருஷக்கணக்குல மாறாம ஒரு ஃபைல்ல கிடக்கும், ரெண்டாவதுல சாம்பா தானா வாரம் ஒருக்கா மாத்திக்கும். எது பாதுகாப்புன்னு அவங்களே சொல்லட்டும்.

அவங்க மறுக்கறதுக்கு ரெண்டு பயம்தான் காரணமா இருக்கும்னு என் அனுபவம். ஒண்ணு, ஜாயின் பண்ண டொமைன் அட்மின் பாஸ்வேர்டை யாரோ ஒரு டிசைன் ஆளு லினக்ஸ் மெஷின்ல அடிக்கணும்ங்கற பயம். அது தேவையே இல்ல. அவங்க பக்கம் விண்டோஸ்ல டிஜாயின் ப்ரொவிஷன்னு ஓட்டினா ஒரு ஃபைல் வரும், அதை உனக்கு அனுப்பினா போதும், சாம்பா 4.15-ல இருந்து நெட் ஆஃப்லைன்ஜாயின்னு கமாண்ட் இருக்கு, அந்த ஃபைலை எடுத்துக்கும். உன் டெபியன் 12-ல 4.17 இருக்கு. இல்லாட்டி அவங்க ஏடிசிஎல்ஐ (ஏடி அக்கவுண்டைக் கையாள்ற கமாண்ட்) வெச்சு அக்கவுண்டை முன்னாடியே போட்டு ஒருதடவை பாஸ்வேர்ட் ஒண்ணு குடுக்கலாம், அது உன் மெஷின் தவிர வேற எதுக்கும் உதவாது. அந்த ஃபைலும் ரகசியம்தான், வாட்ஸாப்ல வாங்காத.

ரெண்டாவது பயம், ஜாயின் ஆனா இந்த மெஷினுக்கு டொமைன்ல ஏதோ பெரிய அதிகாரம் வந்துடும்னு. வராது. சாதாரண பிசிக்கு இருக்கற உரிமைதான். மறுபக்கம் உன் முதலாளிக்கும் ஒரு பயம் இருக்கும், டொமைன் அட்மின் நம்ம சர்வருக்குள்ள வந்துடுவானோன்னு. விண்டோஸ்ல டொமைன் அட்மின்ஸ் தானா லோக்கல் அட்மின் ஆயிடுவாங்க, லினக்ஸ்ல நீயா சேக்காத வரைக்கும் அவங்க ரூட் கிடையாது.

அந்தப் பத்து அக்கவுண்ட் டிஃபால்ட்டை வெச்சு சொல்லாம ஜாயின் பண்ணிடலாம்னு யாராவது இங்க வந்து சொல்லுவாங்க. வேணாம். வேலை போயிடும்.

ஓசி_டெக்:
அதைத்தான் டைப் பண்ணிட்டு இருந்தேன் 🤐

பழைய_அட்மின்:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்குங்க. சாம்பா 4.8-ல இருந்து டொமைன்ல சேந்த மெம்பர் சர்வர்னா வின்பைண்ட் (டிசி கிட்ட பேசற சாம்பாவோட பாகம்) கட்டாயம் ஓடணும், எஸ்எஸ்எஸ்டி மட்டும் வெச்சு ஒப்பேத்த முடியாது. லினக்ஸ்ல இப்ப இருக்கற அந்த 34 லோக்கல் யூசரையும் எடுத்துடுங்க, அதே பேர்ல டொமைன் யூசர் வரும்போது யார் எந்த யூஐடி (லினக்ஸ்ல யூசர் நம்பர்)ன்னு குழம்பும். ஆர்ஐடி பேக்எண்ட் (எஸ்ஐடியோட கடைசி எண்ணை வெச்சு யூஐடி போடற முறை) போட்டா எல்லாருக்கும் புது யூஐடி, பழைய ஃபைல் எல்லாம் 1001, 1002-ன்னு அனாதையா நிக்கும், ஓனரை மாத்த ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி வெச்சுக்குங்க. ராத்திரி ஓட்டுங்க.

பம்ப்_டிசைன்:
எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா எழுதினதை அப்படியே இங்கிலீஷ்ல மாத்தி மெயில் போட்டிருக்கேன், "ஜாயின்"ங்கற வார்த்தையை நாலாவது பாராவுலதான் விட்டேன். பாப்போம்.

பம்ப்_டிசைன்:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்குங்க. ஆயிடுச்சு!!

மெயிலுக்கு பதிலா ஒரு மீட்டிங் வெச்சாங்க, பயந்துட்டே போனேன், அவங்க கேட்டது மூணே கேள்வி. ரகசியம் எங்க இருக்கும், யார் படிக்க முடியும், சர்வரைத் தூக்கிப் போட்டா அக்கவுண்டை யார் அழிப்பாங்க. ரெண்டுக்குத்தான் பதில் தெரிஞ்சுது, மூணாவதுக்கு "நானே மெயில் போடறேன்"னு சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஃபைலை அனுப்பறதுக்கு மட்டும் பத்து நாள்.

ஆஃப்லைன்ஜாயின் ஒரே அடியில ஆயிடுச்சு, டபிள்யூபிஇன்ஃபோ கமாண்ட்ல சின்ன டி போட்டா நம்பிக்கை ரகசியம் சரிங்குது. ஆனா ஷேர் பேர் அடிச்சா திறக்கல, ஐபி அடிச்சா திறக்குது. வடமராட்சி அண்ணன் சொன்னதுக்குத் தலைகீழா இருக்கேன்னு ஒரு மணி நேரம் முழிச்சேன். பாத்தா சர்வர் மணி ஏழு நிமிஷம் பின்னாடி ஓடுது, கெர்பரோஸ் டிக்கெட்டை ஒத்துக்கல, ஐபி அடிச்சப்ப என்டிஎல்எம்ல போய் வின்பைண்ட் டிசியைக் கேட்டு உள்ள விட்டுடுச்சு. க்ரோனியை (மணியை சரி பண்ற சர்வீஸ்) டிசி பக்கம் திருப்பி விட்டேன், சரியாப்போச்சு. (கோயமுத்தூர் அர்த்தத்துலங்க.)

ஓனர் மாத்தற ஸ்க்ரிப்ட் வெள்ளிக்கிழமை ராத்திரி விட்டது சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஓடுச்சு. திங்கக்கிழமை ரெண்டு பேரு பாஸ்வேர்ட் மாத்தியிருந்தாங்க, ஒருத்தரும் என் டேபிளுக்கு வரல.

ட்ராயிங்_தாத்தா:
வெண்டர் லேப்டாப் மூணும்?

பம்ப்_டிசைன்:
அதுக்குத் தனியா லோக்கல் யூசர், தனி ஷேர் தாத்தா. லாகின் பேருக்கு முன்னாடி சர்வர் பேரைப் போட்டு அடிக்கணும்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கேன்.

பழைய_அட்மின்:
சந்தோஷம் தம்பி. அது வர்ச்சுவல் மெஷினா ஃபிசிக்கலா? வர்ச்சுவல்னா பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு (மெஷினோட அந்த நேரத்து நகல்)த் திரும்பிப் போயிடாதீங்க. வாரம் ஒருக்கா ரகசியம் மாறுதுல்ல, ஒரு மாசம் முந்தின ஸ்னாப்ஷாட் பழைய ரகசியத்தோட எழுந்து வரும், டிசி யாருடா நீன்னு கேப்பான், மறுபடி ஜாயின்தான்.

பம்ப்_டிசைன்:
வர்ச்சுவல்தானுங்க அண்ணா... ஸ்னாப்ஷாட் மாசம் ஒருக்காதான் எடுக்கறோம். திரும்பப் போகணும்னா மறுபடி அந்த ஃபைலுக்கு பத்து நாளுங்களா?

இரவுப்பணி_அக்கா:
டேட்டா டிஸ்க்கை மட்டும் ஸ்னாப்ஷாட் எடு, சிஸ்டம் டிஸ்க்கைத் தொடாத. தினமும் சாம்பா ப்ரைவேட் ஃபோல்டரை (அந்த ரகசியம் கிடக்கற இடம்) தனியா, ரூட் மட்டும் படிக்கற மாதிரி, பேக்அப் எடு. மீட்டிங்ல கேட்ட முதல் கேள்விக்கு இப்ப ரெண்டு இடம் பதில்னு அவங்களுக்கு ஒரு மெயிலும் போட்டுடு.